கேத்திரம் இல்லாத கேத்திரகணிதம்

கேத்திரம் என்றால் வயல். வயலை அளக்கப் பிறந்த கணிதம் ஆகையால் அது கேத்திரகணிதம் ஆயிற்று. புத்தூரின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே பாடம் நடத்தும் நாமோ, அக்கணிதத்திலிருந்து வயலைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் பெயர்களைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இதனைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பறையில் நடப்பது என்ன? கரும்பலகையில் ஒரு சதுரம், ஒரு செவ்வகம், ஒரு முக்கோணி, ஒரு வட்டம். பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்கின்றனர். பின்னர் 'நீளம் தர அகலம்' என்ற சூத்திரம். அதன்பின் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சித் தாள்கள். ஏன் பெருக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளையை, 'நேரம் போகிறது, இரு' என்று அமர்த்திவிடுகிறோம்.

அதே பிள்ளை வீடு திரும்பினால் அங்கே கேட்பது அளவையின் மொழியே. இரண்டு பரப்புத் தோட்டம் குத்தகைக்கு. வேலிக் கதியாலை ஒரு சாண் அரக்கிப் போட்டான் என்று அயலில் சண்டை. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். பழைய உறுதியில் பரப்பும் குழியும் நிற்கின்றன; நில அளவையாளரின் வரைபடத்தில் ஹெக்டேயர் நிற்கிறது. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 39½ பரப்பு என்று எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம்? பாடநூலின் 'பரப்பளவு'க்குள் ஊரின் 'பரப்பு' இருப்பதையாவது காட்டினோமா?

'கூலிக்காரன் பிள்ளைக்குக் கேத்திரகணிதம் எதற்கு?' என்று வாய்விட்டுக் கேட்போர் இன்று குறைவு. மனத்துள் கேட்போர் குறையவில்லை. அவர்களுக்கு விடை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் உண்டு. நைல் நதி பெருகி ஒருவன் நிலத்தில் ஒரு பகுதியை அடித்துச் சென்றால், அவன் அரசனிடம் முறையிடுவான்; இழந்ததை அளப்பதற்கு ஆட்கள் வருவர்; மிஞ்சிய நிலத்துக்கு மட்டுமே வரி. இவ்வாறே கேத்திரகணிதம் தோன்றியதென அவர் கருதினார். உழுதவனின் முறைப்பாட்டோடு பிறந்த கலை, உழுதவன் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பது எத்தகைய நீதி?

அறியாதவனை அளவை ஏய்க்கும். எகிப்தின் எட்பு கோயிற் சுவரில் நிலங்களின் அளவுகள் பொறிக்கப்பட்டுள்ளன. எதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவதே அங்குக் கையாண்ட விதி. நாற்பக்க நிலம் செவ்வகமாயின் விடை சரி. நிலம் கோணலாயின் விடை எப்போதும் உண்மையைவிடக் கூடுதல். அவ்விதியால் அளந்து வரி கேட்டால், குடியானவன் இல்லாத நிலத்துக்கும் இறுக்க வேண்டியதுதான்.

இதனை விளக்கப் பணம் வேண்டியதில்லை. சம நீளமான நான்கு ஈர்க்குகளை மூலைகளில் நூலாற் கட்டுங்கள்: சதுரம். ஒரு மூலையை மெல்லத் தள்ளுங்கள்: சாய்சதுரம். பக்கம் எதுவும் குறையவில்லை, உள்ளிடம் குறைகிறது. இன்னும் தள்ளினால் ஈர்க்குகள் ஒன்றோடொன்று படிந்து, உள்ளே ஒன்றும் எஞ்சாது. வேலியின் நீளம் வேறு, நிலத்தின் அளவு வேறு என்பதை இதனைக் கண்ட பிள்ளை மறக்குமா?

1789இல் பிரெஞ்சுக் குடியானவர்கள் தம் குறைகளை எழுதியபோது, பிரபுவுக்கொரு மரக்காலும் ஊருக்கொரு கோலும் இருப்பதை எதிர்த்து ஒரே அளவை கேட்டனர். மீற்றர் பிறந்தது அந்தப் புரட்சியில். நம் மாணவனுக்கோ மீற்றர் அடிமட்டத்திலுள்ள கோடுகள் மாத்திரமே.

நம் மண்ணிலும் சான்று உண்டு. வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்கு மக்கள் திரும்பியபோது, வேலியும் எல்லை மரமும் அழிந்த இடங்கள் எத்தனை! உறுதியைப் படித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, 'என் நிலம் இது' என்று நிறுவ வேண்டிய நிலை. அளவை அறிந்தவன் வாதாடுவான். அறியாதவன் பிறர் சொல்லுக்குத் தலையாட்டுவான்.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைக் காட்டிப் பெருமை பேசுவோர் உளர். பெருமை இருக்கட்டும், அக்கணக்கு அன்று எத்தனை குடிகளின் கைக்கு எட்டிற்று? பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் சரிசமமாக அமர்வதற்கே 1920களின் இறுதியில் இக்குடாநாடு போராட வேண்டியிருந்தது. வாங்கில் இடம் பெற்ற பிள்ளைக்கு வெறும் சூத்திரத்தைக் கொடுத்தனுப்பினால், வாசலைத் திறந்துவிட்டு உள்ளறையைப் பூட்டியவர்களாவோம்.

'பாடத்திட்டம் முடியாதே' என்பார்கள் சக ஆசிரியர்கள். ஒரு பிற்பகல் போதும். பன்னிரண்டு சம இடைவெளி முடிச்சிட்ட கயிற்றை மூன்று, நான்கு, ஐந்தாக மடித்து இழுத்தால் செங்கோணம் கிடைக்கும். அக்கோணத்தை வைத்து முற்றத்தில் 52 அடிச் சதுரம் ஒன்றைப் பிடியுங்கள்; அது ஏறத்தாழ ஒரு பரப்பு. பிள்ளைகள் அதனுள் நிற்கட்டும். பின்னர் நிலாவரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடியில்லாக் கிணறு என்று ஊர் சொல்லும். கயிறும் கருவியும் இறங்கி அதற்கும் ஆழமுண்டெனக் காட்டிவிட்டன. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். எவ்வளவு இறைக்கலாம் என்பதும் அளவைக் கேள்விதான்.

நிலத்தை அளக்கத் தெரிந்த பிள்ளை, அந்நிலம் ஏன் சிலரிடம் மட்டும் இருக்கிறது என்றும் ஒருநாள் கேட்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சுபவர்கள் கரும்பலகையோடு நிற்கட்டும். நாம் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே இறங்குவோம்.