மரத்துக்குச் சட்டம் உண்டு, மரமேறிக்கு?

மே மாதம் பிறந்தால் புனே நகரில் அரிவாளுக்கும் ரம்பத்துக்கும் வேலை வந்துவிடுகிறது. ஜூன் மழைக்கு முன்பாகத் தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களையும் குல்மோகர்களையும் கழித்துவிட வேண்டும். மின்கம்பியைத் தொடும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். பங்களாக்காரர்களின் தென்னைகளில் காய்ந்த மட்டையை இறக்கிவிட வேண்டும். கட்கியிலும் தாபோடியிலும் எரவாடாவிலும் வாழும் நம் தோழர்களில் சிலர், விடியுமுன்பே முகாதமின் டெம்போவில் ஏறிப் போவது இந்த வேலைக்குத்தான். மாலையில் அவர்கள் திரும்பும் வரையில் வீட்டுப் பெண்களுக்கு வாசலிலேதான் கண்.

சென்ற மழைக்கு முன்பு நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர் மரத்திலிருந்து விழுந்தார். இரண்டு மாடி உயரம். உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. மருத்துவமனைக்கு வந்த ஒப்பந்தக்காரர் கையில் கொஞ்சம் பணத்தையும், கைரேகை வைக்க ஒரு தாளையும் கொண்டுவந்தார். "பெல்ட் வண்டியிலேயே இருந்தது, உங்க பையன்தான் போட்டுக்கல" என்றார். நாம் விசாரித்தோம். வண்டியில் ஒரு பெல்ட் இருந்தது உண்மை. மரத்தில் ஏறியவர்கள் மூன்று பேர் என்பதும் உண்மை!

இந்த ஒரு நிகழ்ச்சியில் நம் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறோம். ஒரு பாதி முதலாளியின் குற்றம். இன்னொரு பாதியைப் பற்றியும் நாம் மனம் திறந்து பேசியாக வேண்டும்.

நுனிக்கொம்பு வரை ஏறியவன் அதற்கு மேலும் ஏற முயன்றால் அது அவன் உயிருக்கே இறுதியாகிவிடும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தார். தன் வலிமை அறியாமல் ஆசைப்படும் அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. நம் தோழன் நுனிக்கொம்புக்கு ஆசைப்பட்டா போகிறான்? நுனிக்கிளையை வெட்டினால்தான் அந்த மரத்துக்குக் கூலி. மரக்கணக்கில் கூலி பேசும் முறை இருக்கும் வரையில், கயிறு கட்டும் கால் மணி நேரமும் அவன் வயிற்றிலிருந்து எடுத்த நேரமாகவே இருக்கும். அவசரத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கூலி முறைதான்.

மரத்தைக் காப்பதற்கு மகாராஷ்டிரத்தில் 1975-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நகர்ப்பகுதி மரங்களைப் பாதுகாக்கும் அந்தச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு மரத்தை வெட்டினால் தண்டனை உண்டு. நல்ல சட்டம், வரவேற்கிறோம். மரம் இல்லாத புனேயை நாமும் விரும்பவில்லை. ஆனால் அச்சட்டம் மரத்தைப் பற்றியது. அதில் ஏறுபவனைப் பற்றியதன்று. கிளைக்குக் கேள்வி உண்டு, கைக்குக் கேள்வி இல்லை என்ற நிலைமையை எத்தனை காலம் பொறுப்பது?

இனி நம்முடைய பாதிக்கு வருவோம்.

"பயந்தவன் மரம் ஏறக் கூடாது அண்ணே" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள். "எங்க தாத்தா திருநெல்வேலிச் சீமையில நாளைக்கு நாற்பது பனை ஏறினார், எந்தப் பெல்ட்டைக் கட்டினார்?" என்று கேட்கிறார்கள். பனையேறியின் பேரப்பிள்ளைகள் என்ற பெருமை நமக்கும் உண்டு. ஆனால் அந்தத் தாத்தா வெறுங்கையோடா ஏறினார்? காலுக்குத் தளைநார், மரத்தில் சாய்த்து மிதிக்க முருக்குத்தடி, நெஞ்சு கிழியாமல் இருக்கத் தோல், இடுப்பில் அரிவாள்பெட்டி என்று அந்தக் காலத்துக்குத் தெரிந்த அத்தனை காப்பையும் பூட்டிக்கொண்டுதான் ஏறினார். தளைநார் நைந்துவிட்டால் புதிது திரிக்காமல் அவர் மரத்தைத் தொடமாட்டார். அவரும் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சியவர்தான். அப்படியிருந்தும் விழுந்து இறந்தவர்கள், முதுகெலும்பு முறிந்து திண்ணையில் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நம் ஊர்க் கிழவிகளைக் கேட்டால் சொல்வார்கள். பேரன் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு தளைநாரை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்!

மேலும், தாத்தா ஏறியது பனை. நேரான மரம், தினமும் ஏறிப் பழகிய மரம், ஒவ்வொரு செதும்பும் காலுக்குத் தெரிந்த மரம். பேரன் ஏறுவது முன்பின் தெரியாத மரம். குல்மோகரின் கிளை வெளியே பச்சையாக இருக்கும், உள்ளே உளுத்திருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். சுபாபுல் சொல்லாமல் முறியும். தூங்குமூஞ்சி மரத்தின் நீண்ட கிளையை மேலிருந்து மட்டும் அறுத்தால் பாதியில் பிளந்து, தோலோடு உரிந்து, அறுப்பவன் மீதே திரும்பும். அதனால்தான் முதலில் அடியில் ஒரு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேல் வெட்டு, கடைசியில் மிச்சமுள்ள முண்டு என்று மூன்று தடவையாக அறுக்க வேண்டும் என்கிறார்கள் தொழில் அறிந்தவர்கள். மரத்தில் மலைத்தேனீ கட்டியிருக்கலாம். எல்லாவற்றையும் விடக் கொடியது இலைகளுக்குள் மறைந்து ஓடும் மின்கம்பி. பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். கம்பியைக் கையால் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. "லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்று போனில் கேட்ட வார்த்தையை நம்பி ஏறுவது தற்கொலைக்குச் சமம். மின்வாரிய ஊழியர் நேரில் வந்து, கம்பி செத்திருப்பதைச் சோதித்துக் காட்டி, வேலை முடியும் வரையில் அங்கேயே நிற்க வேண்டும்.

பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் மனிதன் தரையைத் தொட ஒன்றரை வினாடிகூட ஆவதில்லை. தொடும்போது அவன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பஸ் மோதியதைப் போல. இந்தக் கணக்கில் வீரத்துக்கு இடம் ஏது? இருபது வருட அனுபவம் உள்ளவனும் முதல் நாள் ஏறியவனும் ஒரே வேகத்தில்தான் விழுகிறார்கள்.

காலையிலேயே "உடம்பு நடுக்கம் நிற்க" என்று ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு ஏறும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அதைப் பார்த்தும் பாராதது போல் இருக்கும் முகாதம், விபத்து நடந்த மறுகணமே "குடிகாரன்" என்று எழுதிவைப்பான். தோழர்களே, நம் கையாலேயே அவனுக்கு எழுதுகோலைக் கொடுக்க வேண்டுமா?

கேரளத்தைப் பாருங்கள். தென்னை ஏற ஆளில்லாமல் போனபோது, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மர நண்பர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஏறும் கருவியைக் கொடுத்து, விபத்துக் காப்பீட்டையும் சேர்த்தது. நேற்று வரை இழிவாகப் பார்க்கப்பட்ட தொழில், பயிற்சியும் பாதுகாப்பும் வந்ததும் மதிப்புள்ள தொழிலாயிற்று. அந்தக் கருவி தென்னையைப் போன்ற நேர்மரத்தைப் பற்றி ஏறுவது. கிளை பிரிந்த ஆலுக்கும் தூங்குமூஞ்சிக்கும் அது உதவாது. அங்கே கயிறும் உடல் முழுவதையும் தாங்கும் பெல்ட்டும்தான் கதி. பிரிட்டனில் உயரத்தில் செய்யும் வேலைகளுக்கு 2005-ஆம் ஆண்டு முதல் தனி விதிகளே உள்ளன. 2022-இல் சர்வதேசத் தொழில் அமைப்பு, பாதுகாப்பான பணியிடம் என்பதை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று.

நட்டஈட்டைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே பனை சீவுவதும் மரம் வெட்டுவதும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தன. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கணக்கு இதுதான்: இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை, அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் மாதக் கூலியின் உச்சவரம்பு 2020-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பத்தைந்து வயதுக்குரிய எண் 197.06. ஆக, அந்த உச்சவரம்பின்படி 7,500-ஐ 197.06-ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய். ஏறக்குறைய பதினைந்து லட்சம்! ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்துக் கைரேகை வாங்கிக்கொண்டு போகிறவன் எவ்வளவு லாபத்தோடு போகிறான் என்பதைப் பாருங்கள்.

மரண நட்டஈட்டை வீட்டில் வந்து கொடுத்துவிட்டுப் போனால் கணக்குத் தீராது. உரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும். பெல்ட் போடவில்லை, குடித்திருந்தான் என்ற வாதங்கள் மரணத்திலும், உழைக்கவே முடியாதபடி ஊனமான நிலையிலும் முதலாளியைத் தப்ப வைக்காது. தன் தொழிலுக்காக ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்த நிறுவனமும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. கணவனை இழந்தவள் புனேக்கு அலைய வேண்டியதும் இல்லை. தான் வாழும் ஊர்ப் பகுதியின் அதிகாரியிடமே மனுக் கொடுக்கலாம். விழுப்புரத்துக்கும் தூத்துக்குடிக்கும் திரும்பிப் போய்விட்ட நம் தாய்மார்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். எந்த முகாதமிடம், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன கூலிக்கு வேலை செய்தோம் என்பதை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைப்பது பெண்களும் பிள்ளைகளும் செய்யக்கூடிய பெரிய உதவி. வங்கிக் கணக்கு உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டி 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும் சேர்ந்துகொள்ளலாம். அது நட்டஈட்டுக்கு மாற்று அன்று. அதைக் காட்டி எவனும் கையைக் கழுவ இடம் தரக் கூடாது.

ஒப்பந்தக்காரர்களிடமும் நகராட்சியிடமும் நாம் கேட்பவை அதிகமில்லை. மரக்கணக்குக் கூலி ஒழிந்து நாள் கூலி வர வேண்டும். ஏறுபவர் எத்தனை பேரோ அத்தனை பெல்ட்டும் தலைக்கவசமும் வேண்டும், பெல்ட்டுக்கு ஐ.எஸ். 3521, தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925 என்ற முத்திரை இருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது இடுப்பையே முறிக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்குவதே வேண்டும். மரம் வெட்ட ஒப்பந்தம் தரும்போதே இவற்றை நிபந்தனையாக எழுத வேண்டும்.

நமக்கு நாமே விதித்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. கயிறு இல்லையேல் ஏறுவதில்லை. ஒருவர் மறுத்த மரத்தில் இன்னொருவர் ஏறுவதில்லை. இந்த இரண்டாவதுதான் கடினமானது, இதுவே முக்கியமானதும் ஆகும். நாம் மறுத்த மரத்தில் ஏற நம்மிலேயே ஒருவன் கிடைப்பான் என்பதுதான் முகாதமின் முழு பலம். குடித்தவனைத் தரையில் நிறுத்துங்கள், கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்கி ரிக்ஷாவில் திணிக்காதீர்கள். 108-ஐ அழைத்து, அசைக்காமல் பலகையில் கிடத்துங்கள். பிழைத்த முதுகெலும்பை நம் கையாலேயே முறித்துவிடக் கூடாது.

அந்த இளைஞரின் தாயார் அன்று தாளில் கைரேகை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பிடுங்கிப் படித்துப் பார்த்து, "அக்கா, வேணாம்" என்று தடுத்தார். அவர் வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வரும் மே மாதத்துக்குள், டெம்போவில் ஏறும் ஒவ்வொரு தோழரின் வீட்டிலும் இந்த இதழை யாராவது ஒருவர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.