அழகரைப் பார்க்கப் போனவர்கள் மலைக்கு மட்டும் வரக்கூடாதா?

எனக்குப் புரியவே இல்லை. கொரோனாவுக்காகப் போட்ட இரவு ஊரடங்கும் ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கும் 2022 ஜனவரிக் கடைசியிலேயே போய்விட்டன. பள்ளிக்கூடம் நடக்கிறது, தியேட்டர் நிரம்புகிறது, கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரும் வந்துவிட்டது. எங்கள் மன்றம் மட்டும் இன்னும் எழுந்து நிற்கவில்லை.

பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை அது. மதுரையின் மேற்குப் பக்கத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தியது. இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம், நான்காம் ஞாயிறு விடிகாலையில் மலைநடை. சமணர் மலை, கொங்கர் புளியங்குளம், யானைமலை, கீழவளவு, மாங்குளம் என்று சுற்றுவோம். மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் ஒரு பாறைக்குன்றும், அதில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய எழுத்தும் இருக்கும். அப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு மாதத்தில் ஒரு காலை நடக்கக் கூப்பிட்டால் வருவதற்கு ஆளில்லை என்றால் வயிறு எரியாதா?

மினிட்ஸ் நோட்டில் கடைசிப் பக்கம் 2020 மார்ச் 14. கீழே என் கையெழுத்தில், ‘22ஆம் தேதி அரிட்டாபட்டி. காலை 6 மணி, மாட்டுத்தாவணி. தொப்பி, தண்ணீர், இலையில் கட்டிய சாப்பாடு’ என்று இருக்கிறது. அந்த 22ஆம் தேதிதான் மக்கள் ஊரடங்கு. அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஜூன் மாதம் மதுரைக்கென்று தனியாக முழு ஊரடங்கு வேறு. பக்கத்து மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் கேட்ட காலம். அப்போது கூடாமல் இருந்தது சரி. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

இப்போது என்ன தடை? இந்த வருஷம் ஏப்ரல் 16 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். இரண்டு வருஷமாகப் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்த சித்திரைத் திருவிழா, வைகைக்குத் திரும்பி வந்தது. லட்சக்கணக்கில் ஜனம். நெரிசலில் இரண்டு உயிர் போயிற்று. அந்தக் கூட்டத்துக்குள் நின்று எடுத்த படங்களை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்கள் எத்தனை பேர்! போனது தப்பென்று சொல்ல மாட்டேன், நானும் மதுரைக்காரிதான். ஆனால் அதற்கடுத்த வாரமே, ‘24ஆம் தேதி சமணர் மலை’ என்று நான் எழுதினால் அதே ஆட்கள், “கூட்டம்னா இன்னும் கொஞ்சம் யோசனையா இருக்குக்கா” என்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் திறந்த வெளியில், காற்றடிக்கும் பாறைமேல், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நடப்பது கூட்டமாம். இந்த நோய் அடைத்த அறைக்குள் மூச்சுக்காற்றில்தான் அதிகம் பரவும் என்று இரண்டு வருஷமாக எல்லா டாக்டர்களும் சொன்னார்கள். ஏசி மண்டபத்தில் வராத பயம் மலையில் ஏன் வருகிறது?

அந்த 24ஆம் தேதி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மே மாதம் வெயில் என்றார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆடியில் காற்று. புரட்டாசியில் விரதம். ஐப்பசியில் மழை. ஒவ்வொரு தடவையும் குழுவில் கட்டைவிரல் மட்டும் வரிசையாக நிமிர்கிறது. காலையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் ஆளில்லை.

ஆண்களையாவது விட்டுவிடலாம். அவர்களுக்கு டீக்கடை இருக்கிறது, பார்க்கில் காலை நடை இருக்கிறது. எங்கள் மன்றத்துப் பெண்களை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. மாதத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக முதல்நாள் ராத்திரியே மாவாட்டி, சட்னி அரைத்து வைத்துவிட்டு, நாலு மணிக்கு எழுந்து வீட்டு ஆட்களுக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வருவார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அந்த முகங்களில் வருகிற தெளிச்சி இருக்கிறதே, அதைப் பார்க்கவே நான் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். அந்த ஒரு நாளுக்கான அனுமதியை வீட்டில் வாங்க ஒவ்வொருத்தியும் பல வருஷம் பாடுபட்டிருக்கிறாள். இப்போது திரும்பக் கேட்டால், “ரெண்டு வருசம் போகாமத்தான இருந்த, என்ன குறைஞ்சு போச்சு?” என்கிறார்களாம். தையல் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி இதை என்னிடம் சொல்லிவிட்டு, “விடுங்கக்கா, பழகிப் போச்சு” என்று முடித்துவிட்டாள். நோய் போன பிறகும் ஊரடங்கு அவளுக்கு மட்டும் தொடர்கிறது. வருவதற்கு வசதியும் சுதந்திரமும் இருக்கிற மற்றவர்கள் முறையாக வந்து, நடை மாதாமாதம் தவறாமல் நடந்தால்தானே இவளும் வீட்டில் ‘எல்லாரும் போறாங்க’ என்று வாய் திறந்து சொல்ல முடியும்? இது ஏன் யாருக்கும் உறைக்கவில்லை?

கூட்டம் நடந்த மாடி அறையில் இப்போது டியூஷன் நடக்கிறது. அது போகட்டும், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தாங்காதது வேறு. எங்களுக்கு மலையைச் சொல்லிக்கொடுத்த கணக்கு வாத்தியார் 2021 மே மாதம், இரண்டாம் அலையில் போய்விட்டார். பையில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பார். குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வடியாமல் இருக்க வெட்டிய விளிம்பை ஒட்டித்தான் தமிழி எழுத்து இருக்கும். நேராகப் பார்த்தால் வெறும் பாறை. அவர் வெயிலைக் கண்ணாடியில் பிடித்துப் பக்கவாட்டில் அடிப்பார். பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வரும். எங்களில் பாதிப் பேருக்கு அந்த எழுத்துகளைப் படிக்க வந்தது அப்படித்தான். போன அன்று அந்த மனுஷனின் முகத்தைக்கூட யாரும் பார்க்க முடியவில்லை. நிலைமை சரியானதும் சார் பேரில் கூட்டம் வைக்கிறோம் என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தோம். ஜூலையில் அதற்கு நாள் குறித்தால், “அதான் குரூப்ல எல்லாரும் அஞ்சலி போட்டாச்சேக்கா” என்று ஒருவர் எழுதுகிறார். அதற்கும் பத்துக் கட்டைவிரல். வாத்தியாருடைய மனைவிக்கு அந்தக் குழு தெரியுமா? நாலு பேர் உட்கார்ந்து, அவரைப் பற்றி வாய்விட்டுப் பேசி, அந்த அம்மா கேட்க வேண்டாமா?

நாம் போகாத இடங்களுக்கு வேறு ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2020இல் பெரிய கோயில்கள் திறந்தது செப்டம்பரில். சாராயக் கடை மே மாதமே திறந்துவிட்டது. குடிக்க ஒதுக்குப்புறம் தேடியவர்களுக்கு ஆள் நடமாட்டமில்லாத மலை வசதியாகப் போயிற்று. துறவிகள் படுத்திருந்த கற்படுக்கையில், தலை வைக்க மேடாகச் செதுக்கிய அந்த இடத்தில், பீர் பாட்டிலை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் பெயின்ட்டில் யாரோ யாரையோ காதலிக்கிறார்கள். ஏறும் வழியில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் சாய்ந்து சேலையை இழுக்கிறது. முன்பு மாதாமாதம் ஆள் போய்வந்ததால் அடிவார ஊர்ப் பையன்கள் எங்களைத் தெரிந்துவைத்திருந்தார்கள். தப்பாக யாராவது ஏறினால் சத்தம் போடுவார்கள், எங்களுக்குப் போன் செய்வார்கள். அந்தப் பழக்கமும் விட்டுப் போயிற்று.

போன மாதம் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்கு மேல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதல். ஏறத்தாழ 250 வகைப் பறவை, லகர் வல்லூறு, தேவாங்கு, அழுங்கு எல்லாம் இருக்கிற இடம். குழுவில் பட்டாசுப் படமும் பூங்கொத்துமாக வந்து குவிந்தன. ‘நம்ம அரிட்டாபட்டி’ என்று பெருமையாக எழுதினார்கள். நம்ம அரிட்டாபட்டிக்குத்தானே 2020 மார்ச்சில் கிளம்பினோம்? இன்னும் போய்ச் சேரவில்லையே!

இந்த மாதம் நான்காம் ஞாயிறு கிறிஸ்துமஸ். அதனால் ஒரு வாரம் முன்னதாக, 18ஆம் தேதி அரிட்டாபட்டி நடையை வைத்திருக்கிறோம். மார்கழி, வெயில் உறைக்காது. இனி அதையும் காரணம் சொல்ல முடியாது. காலை 6 மணி, மாட்டுத்தாவணி, மேலூர் போகும் பஸ். வாத்தியார் வீட்டு அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். சாருக்கான கூட்டத்தை இந்தத் தடவை மலையடிவாரத்திலேயே நடத்துவோம். கைக்கண்ணாடியையும் எடுத்து வருகிறார்கள். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து பேசுகிறேன். குழுவில் கட்டைவிரல் போட வேண்டாம். அந்த அம்மா முன்னால் என்னைத் தனியாக நிற்க வைக்காதீர்கள்.