ஆண்டு பழையது, பிரதியும் பழையதா?

சேர்வராயன் மலையையும் ஏற்காட்டையும் பற்றிப் பேசும் நூலில் 1883 என்று அச்சாகியிருந்தாலே அது முதற்பதிப்பு, கேட்ட விலையைக் கொடுக்கலாம் என்ற வாதத்தை ஏற்க முடியாது. லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு அந்த ஆண்டில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது உண்மை. ஆனால் அசலைப் படமெடுத்து அச்சிடும் மறுஅச்சில் பழைய ஆண்டும் அச்சகப் பெயரும் அப்படியே வந்துவிடும். ஈய எழுத்து அழுந்திய தாளின் பின்புறத்தைத் தடவினால் பெரும்பாலும் மேடு தட்டுப்படும். மறுஅச்சு ஆப்செட் முறையில் அச்சானதென்றால் தாளில் அந்தத் தடம் இராது. தலைப்புப் பக்கத்தின் மறுபுறம், தாள், தையல் ஆகியவற்றைப் பார்க்காமல் விலை பேசக்கூடாது. ரிச்சர்ட்ஸின் 1918 சேலம் கெசட்டியரை லெ ஃபானு கையேட்டின் மறுபதிப்பாக எண்ணுவதும் பிழை. அது தனி நூல்.

‘உள்ளே இருப்பது ஒன்றுதானே’ என்பார்கள். படிப்பவருக்கு அது போதும். அப்படியானால் மறுஅச்சின் விலையே நியாயம். ‘அரிய நூலாயிற்றே’ என்றால், ஒரு தொகுதி இல்லாமலோ பக்கங்கள் உதிர்ந்தோ கிடக்கும் பிரதிக்கு முழுப் பிரதியின் விலை எப்படிப் பொருந்தும்? முதற்பதிப்பே எல்லாவற்றிலும் உயர்ந்தது என்பதும் விதியல்ல. எடுத்துக்காட்டாக, உ.வே.சா.வின் 1894 புறநானூற்றுப் பதிப்பு வரலாற்றுச் சிறப்புடையது. பாடம் ஆராய்பவர் அவரது 1923 பதிப்பையும் பார்த்தே ஆக வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்பதே மதிப்பைத் தீர்மானிக்கிறது. பதிப்பைத் தவறாகக் குறித்தால் வாங்குபவரின் பணம் மட்டுமல்ல, மலையின் வரலாற்றை எழுத வருபவரின் சான்றும் கெடும். ஆகவே விற்பவர் பதிப்பு விவரத்தை எழுத்தில் தர வேண்டும். வாங்குபவர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.