வண்டியும் ஒரு வீடுதான்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் ஹைதராபாத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: "ஊருக்கு எப்போது?" ரயிலில் இடம் கிடைக்காதவர்களும், வயதான பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்களும் சொந்த வண்டியிலேயே கிளம்பிவிடுகிறோம். கர்நூல், அனந்தப்பூர், பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் போய்ச் சேர ஏறக்குறைய 770 கிலோமீட்டர். நம்மில் மூத்தவர்கள் ஏழாம் எண் சாலை என்று அறிந்திருந்த அந்த நெடுஞ்சாலைக்கு இன்று எண் 44.

இந்தப் பயணத்துக்கு நாம் எஞ்சினைச் சோதிக்கிறோம், டயரைச் சோதிக்கிறோம். ஆனால் சாமான்களை மட்டும் புறப்படும் நாள் விடியற்காலையில், காலி இடம் தெரிகிற பக்கமெல்லாம் திணிக்கிறோம். திரும்பி வரும்போது கேட்கவே வேண்டாம். இட்லி அரிசி, புளி, வடகம், தேங்காய், ஊறுகாய்ச் சாடி என்று ஊரே கூட வருகிறது. வண்டிக்குள் சாமான் வைப்பது அழகைப் பற்றிய விஷயம் அல்ல, உயிரைப் பற்றிய விஷயம் என்பதே என் கருத்து. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம் சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஊர் வீட்டைக் காலி செய்தபோது, அம்மி இல்லாமல் தான் ஹைதராபாத் வரப்போவதில்லை என்று என் தாயார் உறுதியாகச் சொல்லிவிட்டார். அம்மியைப் பின்பக்கத் தரையில் கிடத்தி, குழவியை அதன் மேல் ஒரு கோணியில் சுற்றி வைத்திருந்தேன். பெனுகொண்டா தாண்டியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை வர, பிரேக்கை அழுத்தினேன். ஓர் ஆட்டுக்கும் அடியில்லை. ஆனால் கோணியிலிருந்து நழுவிய குழவி, இருக்கைக்கு அடியில் உருண்டு வந்து தாயாரின் கணுக்காலில் மோதிற்று. எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த நேரத்தில் முதலுதவிப் பெட்டியை என்னால் எடுக்க முடியவில்லை. அது இருந்தது, நான்கு சூட்கேசுகளுக்கு அடியில். பின்னால் வந்த ஒரு நாமக்கல் லாரி எங்களைப் பார்த்து ஓரங்கட்டியது. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். திரும்பிப் போய்க் கேபினுக்குள் கையை மட்டும் நீட்டினார். விளக்கும் போடவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. கட்டுத்துணி, கத்தரிக்கோல், டார்ச் மூன்றும் கைக்கு வந்தன. காலை அசையாமல் வைத்துக் கட்டிவிட்டு, "பயப்படாதீங்க அம்மா, அனந்தப்பூர் பக்கம்தானுங்க" என்றார். இருட்டில் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்கு லாரிதானுங்க வீடு. உங்க வீட்டுல தீப்பெட்டி எங்க இருக்குதுன்னு தேடுவீங்களா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தாயார் குணமான பிறகு வனஸ்தலிபுரம் ஆட்டோநகருக்குப் போய், அங்கே நிற்கும் தமிழ்நாட்டு லாரிகளின் கேபின்களைக் கேட்டுக்கொண்டு ஏறிப் பார்த்தேன். லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் பெயர் பெற்ற ஊர்கள் என்பது நாம் அறிந்ததே. படுக்கைப் பலகையைத் தூக்கினால் அடியில் பெட்டி. கண்ணாடிக்கு மேலே விளிம்பு கட்டிய தட்டு. அதில் காகிதங்களும் சாமி படமும். ஜாக்கியும் ஸ்பேனரும் வெளிப்புறப் பெட்டியில், ஏனென்றால் அவை வேண்டியிருப்பது வெளியில்தான். தார்ப்பாயும் கயிறும் கேபினுக்கு மேலே. பொருள் எங்கே பயன்படுமோ அதன் பக்கத்திலேயே அதன் இடம்.

நம் தாத்தாக்களின் கூண்டு வண்டியிலும் இதே அறிவுதான் இருந்தது. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரிப்பார்கள். போகும்போது அது மெத்தை, போய்ச் சேர்ந்ததும் மாட்டுக்குத் தீனி. அரிக்கேன் விளக்கு வண்டிக்கு அடியில் தொங்கும். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு சிறு அறையையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். 'டிரக் கேம்பர்' என்று பெயர். அதற்குள் இழுப்பறை செய்யும் வித்தைகளை நம் பிள்ளைகள் வியந்து அனுப்புகிறார்கள். வியப்பதில் தவறில்லை. நம் லாரிக்காரரையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் செய்துகொண்டதைச் சொல்கிறேன். எங்களுடையது ஏழு பேர் அமரும் வண்டி. பின் இருக்கையை மடித்துவிட்டு, அந்த இடத்துக்கு இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் மூன்று மரப்பெட்டிகள் செய்தேன். முதலில் 18 மில்லிமீட்டர் பலகையில் செய்து ஏமாந்தேன். காலிப் பெட்டியே கனத்தது. பிறகு 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைக்கு மாறினேன். அப்போதும் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ. தாழ்ப்பாள், கைப்பிடி, கீல் எல்லாம் ராணிகஞ்சில் வாங்கினேன். மரவேலை வேண்டாம் என்பவர்கள் பேகம் பஜாரில் கனமான பிளாஸ்டிக் கிரேட்டுகள் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டிகளுக்கு அடியில் ரப்பர் விரிப்பு. மேலே ராட்செட் பெல்ட் போட்டு, தரையில் ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளில் இறுக்குகிறேன். தரையில் துளை போடாதீர்கள். அடியில் பெட்ரோல் குழாயோ மின்கம்பியோ ஓடலாம். பெட்டிகளை நிரந்தரமாகப் பொருத்துவதும் வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. கழற்றி எடுக்கக் கூடிய பெட்டியே நல்லது.

முதல் பெட்டி சமையலுக்கு, இரண்டாவது துணிக்கு, மூன்றாவது கருவிகளுக்கு. கனமான அரிசியும் தண்ணீரும் தரையோடு, நடு இருக்கையின் முதுகை ஒட்டி வர வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. அது வண்டியின் வால்பக்கம் இருந்தால் முன்பக்கம் லேசாகிவிடும். கூரை மேல் இருந்தால் வளைவுகளில் வண்டி சாயப் பார்க்கும். எந்தச் சாமானும் இருக்கையின் முதுகு உயரத்தைத் தாண்டக் கூடாது.

பாய், குடை, கைத்தடி ஆகியவற்றுக்கு நான்கங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை மூடி போட்டு ஓரமாகக் கட்டியிருக்கிறேன். முன் இருக்கைகளின் முதுகில், பழைய ஜீன்ஸ் துணியில் என் மனைவி தைத்த பைகள் தொங்குகின்றன. கட்டுத்துணி, டார்ச், மாத்திரை, குழந்தைகளுக்கு வாந்திப் பை எல்லாம் அங்கேதான். வீட்டில் யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்கள். சமையல் எரிவாயு சிலிண்டரை மட்டும் வண்டிக்குள் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

"இதெல்லாம் பெரிதாக்கிப் பேசுகிறீர்கள்" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். அவருக்கு ஒரு சிறு கணக்குச் சொன்னேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், உள்ளே கட்டாமல் வைத்த பொருள் அதே வேகத்தில் முன்னே பாய்கிறது. 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு இருக்கும் வேகம் அது. நான்கு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் என்றால் 25 மீட்டர். குழவி என் தாயாரின் காலில் பட்டது. பிரேக்குக்குப் பதிலாக ஒரு மோதலாக இருந்து, அது இருக்கைக்கு மேலே கிடந்திருந்தால்? முன்னால் இரண்டு பிள்ளைகளின் தலைகள் இருந்தன. நண்பர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"லாரிக்காரன் மாதிரி பெட்டி கட்டிக்கொண்டு போவதா?" என்று கௌரவக் குறைவாக நினைப்பவர்களும் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. ஓட்டுநர் இருக்கும் இடம் மனிதர் வாழும் இடம் என்பது சட்டத்திலும் ஏறத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சிறு இடத்தில் நாள்கணக்கில் குடியிருந்து அவர்கள் கற்ற ஒழுங்கை, இரண்டு நாள் பயணத்துக்காக நாம் கற்றுக்கொள்வதில் என்ன குறைவு?

ஒரு யோசனை. நம் சங்கத்தில் கோடை விடுமுறைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் வண்டியோடு வரலாம். யார் எப்படிச் சாமான் வைக்கிறார்கள் என்று பார்க்கலாம். அளவுகளைக் குறித்துக்கொள்ளலாம். மரவேலை தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பத்துக் குடும்பங்களுக்குப் பெட்டி தயாராகிவிடும்.

எங்கள் வீட்டு அம்மி இன்று பால்கனியில் இருக்கிறது. தாயார் அதில்தான் துவையல் அரைக்கிறார். போன மாதம் தம்பி வீட்டுக்கு ஓர் இடிகல் கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் வண்டியைத் திறக்கும் முன்பே வாசலில் நின்று கேட்டார்: "இதை எங்கேடா வைக்கப் போறே? முதல்ல அதைச் சொல்லு."

சொன்ன பிறகுதான் ஏறினார்.