ஒரு நாள், ஓர் இடம்

விடுமுறை நெருங்கினால் நம் இல்லங்களில் தவறாது எழும் வினா ஒன்று உண்டு: "இம்முறை எங்கே போகலாம்?" உடனே வண்டி பேசப்படும். "போகிற வழிதானே, அதையும் பார்த்துவிடலாம்" என்று ஊர்களின் பட்டியல் நீளும். இரவு வீடு திரும்பும்போதோ, கால் வலியும் சில நிழற்படங்களும் மட்டுமே மிஞ்சும். அன்புக் குடும்பத்தாரே, இத்திங்கள் இதுபற்றிச் சிறிது உரையாட விழைகிறோம். அறிவுரை கூறும் தகுதி எங்களுக்கு இருப்பதனால் அன்று. அப்பிழையை நாங்களே செய்தோம் என்பதனால்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நெல்லையிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டோம். பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர்த் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, மாலையில் கன்னியாகுமரி என்று ஒரே நாளில் நான்கு இடங்கள். அரண்மனைக்கு நாங்கள் ஒதுக்கியது முக்கால் மணி நேரம்.

எங்கள் தந்தையார் வாழ்நாள் முழுதும் தச்சுத் தொழில் செய்தவர். அரண்மனையின் முகப்பாகிய பூமுகத்தில் அடி வைத்தவர், அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டார். அதன் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப் போல் மற்றொன்று இராது. அவற்றை ஒவ்வொன்றாக அவர் எண்ணத் தொடங்கினார். "அப்பா, நேரமாகிறது" என்றோம். "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். கூட்டத்தில் பிரிந்துவிடுவாரே என்று அதற்கும் இசையாமல், கையைப் பற்றி அழைத்துச் சென்றோம். அவரும் மறுப்பேதும் கூறாமல் வந்தார்.

மறு ஆண்டு அவர் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபோது, ஒருநாள் திடீரென, "27 வரை எண்ணினேன்" என்றார். எதைச் சொல்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மறுமொழி கூற நா எழவில்லை. சில வாரங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

சென்ற ஆண்டு, அன்னையாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே சென்றோம். இம்முறை ஒரே இடம் என்று உறுதி செய்துகொண்டோம். நடையில் யார் மிகவும் தளர்ந்தவரோ, அவருடைய கால்களே அன்றைய நாளுக்குக் கடிகாரம் என்றும் முடிவு செய்தோம்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். அரண்மனை தக்கலைக்கு அருகில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஓடுவதைவிட, கூட்டம் குறைந்த வேறொரு நாளைத் தேர்வது நன்று. காலையில் திறக்கும் வேளையிலேயே சென்றுவிடுங்கள். காலணிகளை வாயிலில் விட்டுவிட்டு வெறுங்காலுடன் நடக்க வேண்டும். படிக்கட்டுகள் குறுகலானவை, செங்குத்தானவை. வாயில்கள் சில தாழ்வானவை. முதியோருக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் செல்வது நலம். கட்டுச்சோறும் குடிநீரும் வண்டியிலேயே இருக்கட்டும். வெளியே வந்து மர நிழலில் அமர்ந்து உண்ணலாம்.

புறப்படுமுன் பிள்ளைகளுக்கு அதன் வரலாற்றைக் கூறிவிடுங்கள். 1601-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் இவ்வரண்மனை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவாக்கப்பட்டது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதிலும், அரண்மனையைக் கேரள அரசே இன்றும் பேணி வருகிறது.

பூமுகத்தில் எங்கள் இளைய மகள், "தாத்தா எந்தப் பூவில் நிறுத்தினார்?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆகவே ஒன்றிலிருந்தே தொடங்கினோம். இடையிடையே எண்ணிக்கை தவறியது; மீண்டும் எண்ணினோம். அரை மணி நேரம் ஆயிற்று. அன்னையார் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னர் மெல்லப் படியேறி, மன்னர் அமைச்சரோடு கூடிய மந்திரசாலையைக் கண்டோம். கண்ணாடிக்கு மாற்றாக அங்கே பதித்துள்ள மைக்காத் தகடுகளின் வழியே ஒளி மென்மையாக இறங்குகிறது. கண்ணாடி போல் மின்னும் கருந்தரை, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து இழைத்தது என்பர். ஆயிரம் பேர் ஒருசேர அமர்ந்து உண்ணத்தக்க ஊட்டுப்புரையில் பெரிய ஊறுகாய்ச் சாடிகளைக் கண்டதும் அன்னையாருக்குப் பேச்சு வந்துவிட்டது. தம் தாய் வீட்டில் மாங்காய் ஊறப்போட்ட கதையைப் பேரப்பிள்ளைகள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். அரண்மனையின் மிகப் பழைய பகுதியாகிய தாய்க்கொட்டாரத்தில், பலா மரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்க்க நீண்ட கையை நாங்களே தடுத்துக்கொண்டோம்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இவ்வரண்மனையில் மற்றோர் உறவும் உண்டு. இங்கே அரசுப் பணி செய்த நீலகண்ட பிள்ளைதான், 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் வரலாற்றைக் கேட்டு மனம் தேறியவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய துணைவியாரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். துறவியுமல்லர், குருவுமல்லர், இல்லறத்தார். அவர் நடந்த அரண்மனையில் நடக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் அறிந்து நடப்பது நல்லதன்றோ?

அருவியைக் காணவில்லை. முக்கடலையும் காணவில்லை. அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையையும், அங்குள்ள டிலனாயின் கல்லறையையும் அடுத்த முறைக்கு விட்டுவிட்டோம். "ஒன்றுதானா பார்த்தீர்கள்?" என்று அண்டை வீட்டார் வியந்தனர். ஆனால் பிள்ளைகள் இன்றும் அந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறார்கள். மூத்தவன் தாத்தாவின் உளிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறான்.

திரும்பும் வழியில், புனித தேவசகாயத்தின் கல்லறை அமைந்துள்ள கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் மட்டும் சற்று நின்றோம். தந்தையாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினோம். அன்னையார் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். அவரை எழுப்ப எவரும் விரையவில்லை.

வரும் விடுமுறைக்கு இடத்தைத் தேர்வதற்கு முன்னர், உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு சொல் கேளுங்கள்: "நீங்கள் எதை நின்று பார்க்க விரும்புகிறீர்கள்?" அந்த மறுமொழியிலிருந்து உங்கள் பயணம் தொடங்கட்டும்.