கன்னியர் விட்டுச்சென்ற கணக்கு

ஓசூரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலைக்குப் பெங்களூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஓசூர் ரோடு. அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நீளும் அந்தச் சாலை கோரமங்கலாவை நெருங்கும் இடத்தில் இருக்கிறது செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை மக்களுக்கு அது ‘ஜான்ஸ்’. நகரத்தின் நடுவே 1886 முதல் இயங்கிவரும் செயின்ட் மார்த்தாஸ் இன்னும் பழையது. நல்லாயன் சபைக் கன்னியர் தொடங்கியது. இரண்டும் கர்நாடகத்தில் இருந்தாலும், கத்தோலிக்க மருத்துவமனை என்றால் இந்த எல்லைப் பகுதியின் நினைவுக்கு வருபவை இவைதாம். இத்தகைய மருத்துவமனைகள் வெள்ளி விழா, பொன் விழா கொண்டாடும்போது மலர் வெளியிடுவது வழக்கம். முதல் பக்கத்தில் நிறுவனரின் படம் இருக்கும். உள்ளே அன்பு, இரக்கம், சேவை என்ற சொற்கள் இருக்கும். அதே சொற்களை இன்று கார்ப்பரேட் மருத்துவமனைகளும் வரவேற்புக் கூடத்துச் சுவரில் பளிச்சென்று எழுதிவைக்கின்றன. அப்படியானால் மிஷன் ஆஸ்பத்திரிக்கு மட்டுமே உரிய மரபு எது? தம்மைக் கட்டுப்படுத்தும் விதிகளைத் தாமே எழுதிக்கொண்டு, அவற்றுக்குக் கணக்கும் காட்டிய பழக்கம்தான் என்பது என் கருத்து. அந்தப் பழக்கம் நின்றுபோன இடத்தில் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான்.

இதற்கு வரலாறே சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. குறுக்கே நின்றது திருச்சபைச் சட்டம். துறவற வாக்குறுதி கொடுத்த பெண்கள் மருத்துவராகப் பணி செய்வதையும் பிரசவம் பார்ப்பதையும் அது தடுத்தது. அதே காலத்தில் வட இந்தியாவில் கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட முடியாமல், பிரசவத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். முதுமையில் கத்தோலிக்கரான ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், ராவல்பிண்டியில் பெண்களுக்காக ஒரு மருத்துவமனை அமையக் காரணமாக இருந்தார். கன்னியருக்கு மருத்துவம் செய்ய அனுமதி கேட்டு ரோமாபுரிக்குத் திரும்பத் திரும்ப மனுப் போட்டார். 1913இல் அவர் இறக்கும்வரை அனுமதி வரவில்லை. அவரைப் பற்றிய ஒரு சிறு பிரசுரம் 1915இல் மெல்போர்னில் மேரி குளோரி என்ற கண் மருத்துவரின் கைக்குக் கிடைத்தது. அவர் 1920இல் கப்பலேறிக் குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். கன்னியாக இருந்துகொண்டே மருத்துவம் பார்க்கத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பரிடமிருந்து அவருக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. ஒருவருக்குக் கிடைத்த விலக்கு எல்லோருக்குமான விதியாக மாற 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ராவல்பிண்டியில் பணியாற்றிய ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், 1925இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபையைத் தொடங்கியிருந்தார். தனி ஒருவரின் நல்ல மனம் எத்தனை பெரிதாக இருந்தாலும், அது விதியாகும்வரை ஊர் முழுவதற்கும் எட்டாது என்பதை இந்தக் கால் நூற்றாண்டுக் காத்திருப்பு காட்டுகிறது.

குளோரி இதை நன்றாக உணர்ந்திருக்க வேண்டும். குண்டூரில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த அவர், அத்தோடு நிற்கவில்லை. 1943இல் கன்னியர் சிலரைக் கூட்டி, இன்று இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கமாக வளர்ந்திருக்கும் அமைப்பைத் தொடங்கினார். இப்போது அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளும் சிறு மருந்தகங்களும் உறுப்பு. இந்தியாவுக்கென ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. 1957இல் பெங்களூரில்தான் அவர் உயிர் பிரிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1963இல், அதே நகரத்தில் இந்திய ஆயர் பேரவை செயின்ட் ஜான்ஸைத் தொடங்கியது. 1975இல் அதன் மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஜான்ஸில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் ‘பாண்டு’. அங்கே படித்து முடிக்கும் மாணவர், மருத்துவ வசதி குறைந்த ஓர் இடத்தில் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கிறார். பாண்டு என்றால் பணம் கட்டி நழுவுகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் கன்னியர் நடத்தும் எத்தனையோ சிறு மருத்துவமனைகளுக்கு டாக்டர் கிடைத்தது அந்தக் காகிதத்தால்தான். அதே கல்லூரியின் சமூக மருத்துவத் துறை 1973இல் கோலார் பக்கத்து மல்லூரில் செய்த வேலை இதைவிடச் சுவையானது. ஊரின் பால் கூட்டுறவுச் சங்கத்தோடு உடன்பாடு செய்து, லிட்டருக்குச் சில பைசா பிடித்து, அந்தப் பணத்தில் ஒரு நலவாழ்வுக் கூட்டுறவு நடத்தினார்கள். தருமம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பால் ஊற்றியவருக்கு அது தன் பணம். டாக்டர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க உரிமை உண்டு. மருத்துவக் காப்பீடு என்ற சொல் கிராமங்களில் புழங்காத காலம் அது. மாடும் மாம்பழமுமாகப் பிழைக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாடம். இங்கே அதை எடுத்துப் படித்தவர்கள் குறைவு.

இனி எல்லைக்கு இந்தப் பக்கம் வருவோம். சிப்காட் தொடங்கிய எழுபதுகளில் ஓசூர் ஒரு சிறு ஊர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. அண்மை ஆண்டுகளில் கைபேசி உதிரிபாக ஆலைகளும் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் வந்து, பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அரசும் சும்மா இருக்கவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அடுத்த ஜனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இ.எஸ்.ஐ. இருக்கிறது, முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது, தெருவுக்குத் தெரு தனியார் மருத்துவமனை இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு மிஷன் ஆஸ்பத்திரிக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. மருத்துவம் அரசின் கடமை. அதை எந்த மதத்தின் கருணைக்கும் விட்டுவிடக் கூடாது என்ற கட்சியில்தான் நானும் இருக்கிறேன்.

ஆனால் அரசின் வலைக்கும் கண்கள் உண்டு. சிறு மீன்கள் அதன் வழியே நழுவிவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் அடிபடுகிறவர் யார் என்று பார்த்தால் இது விளங்கும். 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பட்டாசுக் கிடங்கு வெடித்தது. அக்டோபரில், எல்லையைத் தாண்டிய உடனே வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து, தீபாவளிக்கு நான்கு காசு பார்க்கலாம் என்று தமிழகக் கிராமங்களிலிருந்து போன இளைஞர்கள் கருகினார்கள். பருவ வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, இ.எஸ்.ஐ. எண்ணும் இல்லை. கிரானைட் குவாரியில் கல் தூசியை உள்ளிழுப்பவர், பெரிய ஆலைக்கு உதிரி செய்துதரும் சிறு பட்டறையில் பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர், காண்ட்ராக்டர் பெயர் பதிந்திராத பீகார், ஒடிசாத் தொழிலாளி, அஞ்செட்டி, தளி, பெட்டமுகிலாளம் மலைக்கிராமத்துக் கர்ப்பிணி ஆகியோரும் அப்படித்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஓசூருக்கு இந்தி, ஒடியா நோயாளிகள் புதியவர்கள். வலி எங்கே என்று சொல்வதற்கே மொழி இல்லாதவருக்கு எந்த அட்டை இருந்தும் பயன் குறைவு. ராவல்பிண்டியின் கோஷாப் பெண்கள் இருந்த இடத்தில் இன்று இவர்கள் இருக்கிறார்கள். எதிரே சட்டமும் மருத்துவமும் இருந்தும், இரண்டும் அவர்களைத் தொடவில்லை.

இவர்களைத் தேடிப் போவேன் என்று ஒரு மருத்துவமனை சொன்னால், எவ்வளவுக்கு என்றும் சொல்ல வேண்டும். நல்ல சமாரியன் உவமையைக் கேட்டவர்களுக்கு, அவர் அடிபட்டவனின் காயத்தைக் கட்டியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் எண்ணிக் கொடுக்கிறார். கூடுதல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறார். இரக்கம் அங்கே கணக்காகிறது. தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது: நம் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை, முதல் 48 மணி நேரச் செலவை, வகுத்த வரம்புக்குள், அரசு ஏற்கிறது. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் படுக்கைகளில் பத்து சதவீதத்தை ஏழைகளுக்கு இலவசமாகவும் இன்னொரு பத்து சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் தர வேண்டும். வசூலிக்கும் கட்டணத்தில் இரண்டு சதவீதத்தை அதற்கென ஒரு நிதியில் போட வேண்டும். நீதிமன்ற ஆணையால் வந்த கட்டுப்பாடு அது. வருமான வரி விலக்குப் பெறும் கத்தோலிக்க மருத்துவமனைகள் இங்கே அப்படி ஓர் ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் எத்தனை பேருக்கு இலவசம், எத்தனை பேருக்குச் சலுகை, மொத்த வரவில் அது எத்தனை பங்கு என்று ஒரே ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட்டு வாசலில் ஒட்டலாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று சிலர் மறுக்கலாம். அந்த அறிவுரை தனி மனிதரின் தருமத்துக்குச் சொன்னது. வரிவிலக்கு பெறும் நிறுவனத்தின் இடது கையில் ஊர்ப்பணமும் இருக்கிறது.

கணக்கு என்று வந்தால், செவிலியர் சம்பளத்தைத் தொடாமல் போக முடியாது. பழைய மிஷன் ஆஸ்பத்திரிகள் குறைந்த கட்டணத்தில் நடந்ததற்கு ஒரு காரணத்தை மலர்களில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது: வார்டில் இரவும் பகலும் நின்ற கன்னியருக்குச் சம்பளம் கிடையாது. வறுமை வாக்குறுதி எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அது அவர்களாகவே தேர்ந்தது. இன்று மடங்களில் சேர்வோர் குறைந்துவிட்டார்கள். வார்டில் நிற்பவர் கடன் வாங்கி நர்சிங் படித்த பெண். சிஸ்டர் என்ற அழைப்பு மட்டும் மாறவில்லை. வாக்குறுதி எடுக்காதவரிடம் வாக்குறுதியின் விலையை வசூலிப்பதை மரபு என்று சொல்வது அநியாயம். 2011, 2012இல் கேரளத்தில் செவிலியர் வேலைநிறுத்தம் வெடித்தபோது திருச்சபை மருத்துவமனைகளும் அதில் சிக்கின. உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன்பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டவை அரசுச் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஏழைக்கு மலிவாகவும் செவிலிக்கு நியாயமாகவும் எப்படி நடத்துவது என்று நிர்வாகிகள் கேட்பார்கள். கடினம்தான். வசதியுள்ள நோயாளியிடம் கூடுதலாக வாங்கி இல்லாதவருக்கு ஈடுகட்டுவது உலகம் முழுக்க இவர்கள் செய்துவந்த வழி. மல்லூர்ப் பால் பைசா இன்னொரு வழி. இந்தத் தொழிற்பேட்டையில் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கட்டடத்துக்கும் கருவிக்கும் கேட்காமல் தூசி நோய்ப் பரிசோதனைக்குக் கேட்பது மூன்றாவது வழி. செவிலியின் வயிற்றில் ஈடுகட்டுவது மட்டும் வழியாகாது.

மதமாற்றம் பற்றிய சந்தேகத்துக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. மார்த்தாஸ் தொடங்கி ஏறத்தாழ 140 ஆண்டு ஆகிறது. அங்கும் ஜான்ஸிலும் படுத்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள், திரும்பிப் போனதும் அப்படியே. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கத்தோலிக்கர் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் உறுதிசெய்த திருச்சபைப் போதனைப்படி, கத்தோலிக்க மருத்துவமனைகள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை, கருத்தடை, கருக்கலைப்பு ஆகியவற்றைச் செய்யாமல் விலகி நிற்கின்றன. தமிழகத்திலோ திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். விடுதிகளில் இளம்பெண்கள் நிறைந்த ஒரு தொழிற்பகுதியில் இந்த மறுப்பு சிறிய விஷயமே இல்லை. மனச்சாட்சிப்படி நடக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பதை ஏற்கிறேன். அந்த மனச்சாட்சியின் செலவு நோயாளியின் தலையில் விழக் கூடாது. எவற்றைச் செய்யமாட்டோம் என்பதை முதல் நாளே சொல்லி, எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று வழியும் காட்டுவது அதன் கடமை. பிரசவ மேசையில் வைத்துச் சொல்வது காலம் கடந்த நேர்மை. வழிகாட்டுவதே பாவத்தில் பங்கேற்பதுதான் என்று வாதிடும் இறையியலாளர்களும் இருக்கிறார்கள். 1936க்கு முன்னால் கன்னியர் பிரசவம் பார்ப்பதும் தகாததென்றுதான் ஆணித்தரமாகச் சொல்லப்பட்டது.

தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் அதன் எல்லை. முப்பது ஆண்டுகளை எட்டப்போகும் அந்த மறைமாவட்டத்துக்கும், ஓசூர் ரோட்டின் மறுமுனையில் இருக்கும் ஜான்ஸுக்கும் நடுவே இருப்பது ஒரு மாநில எல்லை மட்டுமே. பாண்டு எழுதிக்கொடுத்த இளம் மருத்துவர்களில் இருவரை ஆண்டுதோறும் அஞ்செட்டி மலைக்கும், இருவரைச் சிப்காட் பக்கத்து விடுதிகளுக்கும் கேட்டு வாங்குவதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு வாடகை அறை போதும், இந்தி தெரிந்த ஒரு செவிலி போதும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் விடுதி வாசலில் நிற்கும்போது இரவு பதினொன்றாகிவிடும். அந்த அறை அப்போது திறந்திருக்க வேண்டும்.