இடது கைக்கும் பாடம் வேண்டும்

கடையநல்லூர்ப் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் வற்றும்போது வீச்சு வலை எறிபவரைச் சுற்றிச் சிறுவர்கள் கூடுவார்கள். வலையில் ஒரு பங்கு முழங்கையில், ஒரு பங்கு இடது கையில், மீதி வலது கையில். உடம்பை ஒரு திருப்பு திருப்பியதும் ஒவ்வொன்றும் தன் நேரத்துக்கு விடுபட்டு வலை வட்டமாக விரிகிறது. பார்த்துப் பழகு என்பதைத் தவிர இதற்குப் பாடம் ஏதும் இல்லை. ஒருவன் எறிந்த வலை சுருண்டு விழுந்தால், அவனுக்குக் கை வரவில்லை என்று முடித்துவிடுகிறோம். கற்றுக்கொடுத்த வரிசையில் கோளாறு இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. இரண்டு கைகளுக்கும் வெவ்வேறு வேலை உள்ள எந்தத் திறனையும் பிரித்துக் கற்பிக்கலாம். அதில் நேரம் முதலில் வரவேண்டும், பலம் கடைசியில்தான் வரவேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு நல்ல சாட்சி நம் குளக்கரைக்கு அந்நியமான ஒரு விளையாட்டு. ஆங்கிலேயர்கள் நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டு வளர்த்தபோது கூடவே கொண்டுவந்த ஃப்ளை ஃபிஷிங் அது. இறகும் நூலும் சுற்றிய போலிப் பூச்சிக்கு எடை மிகக் குறைவு. அதனால் தூண்டில்காரர் உண்மையில் எறிவது தடித்த கயிற்றைத்தான். அந்தக் கயிற்றின் வேகத்தைக் கூட்டும் உத்திக்கு டபுள் ஹால் என்று பெயர். 1930களில் அமெரிக்கப் போட்டிகளில் மார்வின் ஹெட்ஜ் அதைப் பிரபலமாக்கினார். வலது கை கோலைப் பின்னால் வீசி நிறுத்தும் கடைசிக் கணத்தில் இடது கை கயிற்றைச் சட்டென்று கீழே இழுக்கிறது. கயிறு முதுகுக்குப் பின்னால் விரியும்போது அதே கை மேலே போய், இழுத்த கயிற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. முன்னால் வீசும்போது இன்னொரு இழுப்பு. கற்பவர் தடுக்குவது இழுப்பில் அல்ல, திருப்பிக் கொடுப்பதில். கை கீழேயே தங்கிவிட்டால் அடுத்து இழுக்கக் கயிறு இருக்காது. அவசரப்பட்டு மேலே போனாலோ கயிறு தொய்ந்துவிடும், கோல் வளையாது.

இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த எறிதல் ஆசிரியர் மெல் கிரீகர் முதலில் கோலையே கையில் தரமாட்டார். வெறுங்கையால் அபிநயம் பிடித்து, கீழே-மேலே என்று ஒரே மூச்சில் சத்தமாகச் சொல்லவைப்பார். பல ஆசிரியர்கள் தண்ணீரை விட்டுப் புல்வெளிக்குப் போகிறார்கள். கயிற்றைப் பின்னால் வீசி ஓர் இழுப்பு, கயிறு புல்லில் விழட்டும், நில், திரும்பிப் பார். பிறகு முன்னால் ஓர் இழுப்பு. இரண்டும் தனித்தனியே படிந்த பிறகுதான் இணைக்கிறார்கள். பலம் இரண்டாம்பட்சம் என்பதற்கு அமெரிக்க எறிதல் வீராங்கனை ஜோன் வுல்ஃபே அத்தாட்சி. அவர் 1951இல் தூர எறிதல் போட்டி ஒன்றில் ஆண்களை வென்றார். 1960இல் 161 அடி எறிந்தார். பிறகு கணவரோடு சேர்ந்து எறியக் கற்பிக்கும் பள்ளியே நடத்தினார்.

நம் பெரியவர்கள் பார்த்துத்தானே கற்றார்கள் என்று கேட்கலாம். கற்றார்கள், தினமும் குளத்தில் இறங்கும் வீட்டில் பிறந்தவனுக்குப் பத்து வருட அவகாசம் இருந்தது. பார்த்தும் வராமல் விலகிப்போனவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை, அதனால் அந்த முறை தோற்றதே இல்லை என்று தோன்றுகிறது. வாரத்துக்கு ஓரிரு விளையாட்டு வகுப்பு கிடைக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த அவகாசம் இல்லை. பிரித்துக் கற்பிப்பது வெள்ளைக்காரச் சரக்கும் அல்ல. சிலம்ப ஆசான்கள் கம்பைத் தரும் முன் காலடியைத்தான் பழக்குகிறார்கள். நம் மண்ணிலேயே இருந்த அறிவை வீச்சு வலைக்கும் மற்றக் கைவேலைகளுக்கும் நாம் நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான்.

துண்டு துண்டாக்கினால் தாளம் போய்விடும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஓரளவு உண்மைதான். பரதநாட்டிய அடவுகளை மட்டுமே ஆண்டுக்கணக்கில் ஆடும் பிள்ளைக்கு ஆட்டம் வந்துவிடாது. ஆனால் கிரீகரின் முறையில் முதலில் பிரிவது கருவிதான். தாளத்தை அவர் வெட்டவில்லை. கோலில்லாத கையிலும் கீழே-மேலே என்ற முழு அசைவும் அதன் நேரத்தோடு இருக்கிறது. புல்வெளிப் பயிற்சியில் தாளம் சற்றே அறுபடுகிறது, ஆகவே அதைச் சீக்கிரம் கடந்துவிட வேண்டும். எதைப் பிரிக்கலாம், எவ்வளவு நேரம் பிரித்துவைக்கலாம் என்று தெரிந்தவரே ஆசிரியர். வேகமாகச் செய்துகாட்டி அசத்துபவர் வித்தைக்காரர். அவருக்குக் கைதட்டலாம், பிள்ளையை ஒப்படைக்க முடியாது.

இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டிய தருணம் இது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இனிச் சிலம்பப் பயிற்சியாளர்களுக்குத் தேவை கூடும். தென்காசி மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் அவர்கள் வருவார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பதக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங் கூட்டமைப்பு 1992 முதல் எறிதல் ஆசிரியர்களுக்குச் சான்றளிக்கிறது. அந்தத் தேர்வில் நன்றாக எறிந்தால் மட்டும் தேற முடியாது; பிழையைக் கண்டுபிடித்து, அது ஏன் வருகிறது என்று விளக்கித் திருத்தவும் தெரிய வேண்டும். அதேபோல், கம்பு சுற்றத் திணறும் ஒரு பிள்ளையை நம் தேர்வாளர்கள் விண்ணப்பதாரர் முன் நிறுத்தட்டும். கால் மணி நேரத்தில் அந்தப் பிள்ளையின் இடது கையில் என்ன மாறுகிறது என்று பார்த்து மதிப்பெண் போடட்டும். இதற்குப் புதிய மைதானமோ தனி நிதியோ வேண்டாம்.